எட்டாவது குலவை

“டேய், செருப்பைக் கழட்டிட்டு ஏறுடா!”

திருப்புவனத்து அரிசி ஆலைக்காரர் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டார். வைகை மணலில் நின்ற கொக்குகள் எல்லாம் எழுந்து ராமேசுவரம் போய்விட்டன. ஆனால் எதிரே திட்டு வாங்க ஒரு பயலும் இல்லை. அவருடைய பழைய வெள்ளைக் கார்தான் மாலையும் கழுத்துமாக நின்றது.

ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காரின் வயிற்றுக்குள்ளிருந்து கொட்டாவி விடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. நான்கு கதவுகளும் வாழைப்பூ மடல் விரிவதுபோல விரிந்து, காம்பை விட்டுக் கழன்று, ஓசையில்லாமல் தரையில் சாய்ந்தன. கூரை நடுவில் வகிடெடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் இறங்கியது. திருகாணிகள் தாமாகவே சுற்றிக் கழன்று, மழைக்கு முன் கிளம்பும் எறும்புச் சாரை மாதிரி வரிசை பிடித்துத் தத்தம் தொட்டிகளுக்கு உருண்டன. செம்பு செம்போடு சேர்ந்தது. கண்ணாடி கண்ணாடியோடு சேர்ந்தது. வெற்றிலை ஒன்றை மென்று முடிப்பதற்குள் கார் இருந்த இடத்தில் கார் இல்லை. சின்னச் சின்னக் குவியல்களும், அவற்றுக்கு நடுவே, பின் சீட்டுக்கடியில் என்றைக்கோ தொலைந்த ஒரு குழந்தைக் கொலுசும்தான் கிடந்தன.

ஆலைக்காரர் கொலுசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதைத் திருடிட்டாள்னு சொல்லி எம் பொண்டாட்டி ஒரு வேலைக்காரியவே நிப்பாட்டிட்டாளேம்மா.”

கூடத்துக் கூரை உச்சியிலிருந்து ஒரு பெண் குரல், “குரல் பொருந்தியது. குறை ஏதுமில்லை” என்றது. குறை இல்லை என்பதையும் குறை சொல்கிற தொனியில்தான் சொல்லும். அந்தக் கேட்கும் எந்திரத்துக்கு அங்கே வேலை செய்தவர்கள் மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். மானாமதுரைக்கு வெளியே அரசாங்கம் கட்டிய அந்தப் பெரிய கூடத்துக்குப் பலகையில் ‘வாகன மீள்பிரிப்பகம்’ என்று பெயர். ஊர் வாயில் அது காயலாங்கடை. கோபுரத்தைவிட உயரமாகக் கட்டினாலும் காயலாங்கடை காயலாங்கடைதான்.

ஆலைக்காரருக்குப் பக்கத்தில் நின்றவள் அங்கே தலைமைப் பொறியாளர் ஜெரினா. இளையான்குடிக்காரி. ஆயிரம் வண்டிகள் அவிழ்ந்ததைப் பார்த்தவள். ஆயிரத்தோராவது தடவையும் அவளுக்குக் கையில் மயிர் சிலிர்த்துத்தான் நின்றது.

“நல்ல வார்த்தை நாலு சொல்லி அனுப்பணும்னு நெனச்சிருந்தேன்மா. இந்த வசவுதானா அதுக்குச் சாவி?” என்று ஆலைக்காரர் கேட்டார்.

“வண்டி பொறந்த அன்னைக்கு, சூடு ஆறுறதுக்குள்ள, இந்தச் செவியிரும்பு மொதமொதல்ல கேக்குற குரலைப் புடிச்சுக்கும் ஐயா. நீங்க என்ன சொல்லணும்னு எழுதிக் குடுத்திருப்பாங்க. அதுக்கு முந்தி உங்க மகனைத் திட்டிட்டீங்க. காரைக்குடிக்காரர் ஒருத்தர் காருக்கு ‘பாத்து, பாத்து, கீறல் விழுந்துரும்’ங்கிறதுதான் சாவி.”

“நான் அவனைத் தெனமும்தானே இப்படித் திட்டினேன். அப்பல்லாம் அவுரலையே?”

“இந்தக் கூரைக்குக் கீழ மட்டும்தான் அதுக்குக் காது திறக்கும். இல்லேன்னா உங்க மகன் ஏறும்போதெல்லாம் நடுரோட்டுல கார் கொட்டியிருக்கும்.”

“அப்ப டேப்புல பதிஞ்சு கொண்டாந்து போட்டா?”

“மூச்சு இருக்கணும் ஐயா. மனுசன் நேர்ல வரணும்.”

“நம்ம பழைய காயலாங்கடை மாதிரி, வெட்டி எடுத்தா?”

“செத்துரும்” என்றாள் ஜெரினா. “வெட்டின செவியிரும்பு சாம்பல். எதுக்கும் ஆகாது. பூமியத் தோண்டுறதை எங்கப்பா காலத்துலயே நிறுத்தியாச்சு. இருக்குற இரும்புதான் இரும்பு. முன்வாசல்ல ஒரு வண்டி வந்து அவுந்தாத்தான் பின்வாசல்ல ஒரு வண்டி பொறக்கும்.”

சொல்லும்போதே அவள் கண் கூடத்தின் மூலைக்குப் போனது. அங்கே ஒரு பஸ் நின்றது.

அது வயரிங் கம்பெனி ஒன்றுக்காக, ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு சுற்றுவட்டாரமெல்லாம் ஓடிய பஸ். கம்பெனி மூடியாகிவிட்டது. பஸ்ஸின் ஆயுளும் முடிந்தாகிவிட்டது. அது அவிழ்ந்தால் அதன் இரும்பில் மானாமதுரை வட்டாரத்துக்கு ஒரு டயாலிசிஸ் வண்டி பிறக்கும் என்று உத்தரவு வந்திருந்தது. அந்த உத்தரவிலேயே ஒரு வாலும் இருந்தது. ஆடிப்பெருக்குக்குள் அவிழாவிட்டால் ஒதுக்கீடு வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

ஜெரினாவின் கணவன் அன்வருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. வாரத்தில் பாதி நாள் மதுரை போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவான். போகும்போது முழு ஆள், திரும்பும்போது பாதி ஆள். “அந்த வண்டி மட்டும் நம்ம தெருமுனைக்கு வந்துச்சுன்னா, கைலியோட போய்ப் படுத்துட்டு டீ குடிக்க வந்துருவேன்” என்பான். சமீபத்தில் அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டான். அதுதான் ஜெரினாவுக்குப் பயமாக இருந்தது.

கம்பெனியின் பழைய மேனேஜரைக் கூட்டிவந்து பஸ் முன் நிறுத்திப் பார்த்தாள். அவர் எழுதிக் கொடுத்ததையெல்லாம் வாசித்தார். கெஞ்சினார். கடைசியில் அழுதார். பஸ் ஆணியளவும் அசையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வண்டிகளை இழுத்துவரும் டிரைவராக இருளப்பன் அந்த யார்டுக்கு மாற்றலாகி வந்தார். அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர் மீசை வந்துவிடும். கூடத்தின் நடுவில் அவர் நின்றால் மீசையின் ஒரு நுனி சிவகங்கையைப் பார்க்கும், மறுநுனி பரமக்குடியைப் பார்க்கும். அப்படிப்பட்டவர் அந்த பஸ்ஸைக் கண்டதும், திருவிழாவில் தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி ஓடிப்போய் அதன் முகத்தைத் தடவினார்.

“இதுக்கு டிரைவரே நான்தான் என்ஜினியரம்மா! பதினாறு ஊரு பொம்பளைகளை ஏத்திக்கிட்டு, ஏரோப்ளேனு கணக்கா ஓட்டுவேன்.”

“அண்ணே, அப்படின்னா பூசையன்னைக்கு நீங்க இருந்தீங்களா? இது என்ன குரலைக் கேட்டுச்சு?”

“அதையேன் கேக்குற. இதே கூடத்துப் பின்வாசல்லதான் பூசை. மேனேஜரு வண்டியப் பாத்து ‘பிரிந்து போ’ன்னு சொல்லணும்னு ஆபீசரு சொல்றாரு. சந்தனம் தெளிச்சு, மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்ச வண்டியப் பாத்து, நல்ல நேரத்துல, ‘பிரிஞ்சு போ’ன்னு எவன் சொல்லுவான்? நாக்கு அழுகிராதா? மேனேஜரு பேய் முழி முழிக்கிறாரு. அதுக்குள்ள சூடத்தைக் கொளுத்தியாச்சு. சூடத்தைக் கண்டா நம்ம பொம்பளைக சும்மா இருப்பாளுகளா? போட்டாளுக பாரு குலவை! இரும்பு அதைப் புடிச்சுக்கிருச்சு.”

ஜெரினா தலையில் கைவைத்துக்கொண்டாள். “எத்தனை பேரு போட்டாங்க?”

“ஏழு பேரு” என்று சொல்லிவிட்டு இருளப்பன் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஏழு பேரையும் தேடிக் கிளம்பினார்கள். இருளப்பனுக்கு ஊர் ஊராக வழி தெரிந்திருந்தது. வழியைவிடச் சமையலறை தெரிந்திருந்தது. திருப்பாச்சேத்தியில் குருவம்மா வீட்டில் கறிக்குழம்பு. இடைக்காட்டூரில் பிலோமி வீட்டில் கருவாடு. முதுகுளத்தூரில் ஒரு வீட்டில் இட்லியை எண்ணுவதை ஜெரினா பாதியில் விட்டுவிட்டாள். ஏழு பேரும் கல்லுக்குண்டாட்டம் உயிரோடு இருந்தார்கள். கடைசியாக ராஜகம்பீரத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த பூமயில். அந்தக் காலத்தில் பஸ்ஸில் ஜன்னலோரம் யார் உட்காருவது என்பதை முடிவு செய்தவள் அவள்தான். ஊரில் யார் பேசுவது என்பதையும் இன்றுவரை அவள்தான் முடிவு செய்துகொண்டிருந்தாள்.

“குலவை போடணுமாக்கும்? போட்ரலாம். எம் மருமக சீமந்தத்துல நான் போட்ட குலவையில மூணு தெரு தள்ளி ஒருத்திக்குப் பிரசவமே ஆயிருச்சு” என்றாள் பூமயில்.

ஏழு பேரும் பஸ்ஸின் முன்னால் வரிசையாக நின்றார்கள். ஜெரினா சூடம் கொளுத்தச் சொன்னாள். சட்டத்தில் இல்லைதான். ஆனாலும் சூடம் இல்லாமல் அவர்களுக்கு நாக்கு எழவில்லை. ஏழு நாக்கும் ஒருசேரச் சுழன்றன. கூடத்தின் தகரமெல்லாம் அதிர்ந்தது. பஸ் உடம்பு சிலிர்த்தது. முன் கண்ணாடியைச் சுற்றியிருந்த திருகாணிகள் அரைச்சுற்று சுற்றின. ஒரு ஜன்னல் பாதி இறங்கியது.

அவ்வளவுதான். எல்லாம் நின்றுவிட்டது. இறங்கிய ஜன்னல் திரும்ப ஏறிக்கொண்டது.

“ஏழு குரல் பொருந்தியது” என்றாள் மாமியார். “ஒரு குரல் குறைகிறது.”

“எட்டுப் பேரா? யார் அந்த எட்டாவது? மாமியார், யார் குரல்னு சொல்ல முடியுமா?” என்று ஜெரினா கேட்டாள்.

“இரும்பு எண்ணிக்கை சொல்லும். ஆளைக் காட்டிக்கொடுக்காது.”

பெண்கள் சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். நீ ஒழுங்காகப் போடவில்லை, உனக்குப் பல்லில்லை, பல்லுக்கும் குலவைக்கும் என்னடி சம்பந்தம் என்று. “நாம ஏழு பேருதான்டி வண்டிக்கு முன்னாடி நின்னோம்” என்றாள் குருவம்மா. “செல்லக்கனியத்தான் பின்னாடி போய் நிக்கச் சொல்லிட்டோமே.”

சொன்னதும் குருவம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பூமயில் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

செல்லக்கனி அவர்களோடு வேலை பார்த்தவள். கல்யாணமான மறுவருசமே புருசனைப் பறிகொடுத்தவள். பூசையன்றைக்கு எல்லோரோடும் முன்னால் வந்து நின்றவளை, “நல்ல காரியத்துல நீ முன்ன நிக்காத புள்ள, பின்னாடி போ” என்று சொன்னது பூமயில்தான். அவளும் பேசாமல் பஸ்ஸுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அதுவரை தூணோரம் நின்று பல் குத்திக்கொண்டிருந்த இருளப்பன் குச்சியைத் தூர எறிந்தார். “அப்படின்னா அவதான். பின்னாடி நின்னு போட்டிருக்கா. அவளைக் கூப்பிடுங்க” என்றார். “சும்மா கூப்பிட்டா வரமாட்டா. முறையாப் போய்க் கூப்பிடணும். பூமயிலு, நீதான் கூப்பிடணும்.”

ஆடிப்பெருக்குக்கு அதிக நாள் இல்லை. அன்றைக்கே ஜெரினாவும் இருளப்பனும் பூமயிலும் கிளம்பினார்கள்.

பரமக்குடியில் ‘செல்லக்கனி டிரைவிங் ஸ்கூல்’ என்றால் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். அங்கே படித்த பெண்கள் லாரி ஓட்டினார்கள், கிரேன் ஓட்டினார்கள். ஒருத்தி ரோட்டில் போன கப்பலைக்கூட முந்தினாள் என்று பேச்சு. இவர்கள் போனபோது செல்லக்கனி மைதானத்தில் நின்று, ஒரு இன்ஸ்பெக்டர் மனைவிக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணை மூடாதம்மா! பின்னாடி போறது ஒண்ணும் பாவமில்ல. நான் போகலயா?” என்று கத்தியவள் திரும்பிப் பார்த்தாள். பூமயிலைப் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டர் மனைவிக்கும் சேர்த்து ஐந்து டீக்குச் சொன்னாள்.

ஜெரினா எல்லாவற்றையும் சொன்னாள். பஸ்ஸை, டயாலிசிஸ் வண்டியை, ஆடிப்பெருக்கை. அன்வரைப் பற்றிச் சொல்லக் கூடாது என்றுதான் வந்திருந்தாள். அதையும் சொல்லிவிட்டாள்.

செல்லக்கனி டீயை ஆற்றினாள். “நான் நல்ல காரியத்துக்கு ஆகாதவளாச்சே. இப்ப மட்டும் எப்படி ஆனேன்? இரும்புக்கு யாரு தாலி கட்டியிருக்கா, யாரு கட்டலைன்னு தெரியாதோ?”

பூமயில் எழுந்தாள். அவள் நெற்றியும் இப்போது வெறும் நெற்றிதான்.

“அன்னைக்கு எனக்குப் புருசன் இருந்தான், திமிரு இருந்துச்சு. இப்ப ரெண்டும் இல்ல” என்றாள். “போன மாசம் எம் பேத்திக்குக் காது குத்தினாக. என் மகனே என்னைய, ‘நீ கொஞ்சம் தள்ளி உக்காரும்மா’ன்னான். கோழிகளோட போய் உக்காந்தேன். அப்பதான் ஒன் நெனப்பு வந்துச்சு. அப்பவே வந்திருக்கணும். வெக்கமா இருந்துச்சு, வரல. இப்ப இந்தப் பொண்ணு புருசனைச் சாக்கா வச்சு வந்திருக்கேன். வாடி.”

“மன்னிச்சுக்கன்னு சொல்ல வராதாக்கும்?”

“அதெல்லாம் எனக்குப் பழக்கமில்ல. வாடி.”

செல்லக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். “ஆனா இதுல ஒரு விசயம் இருக்கே. அன்னைக்கு நான் பின்னாடி நின்னப்ப, வாயைத்…”

டமார் என்று ஒரு சத்தம். இருளப்பன் கையிலிருந்த டீ கிளாஸ் கீழே விழுந்து சிதறியது. “அடடா, கை வழுக்கிருச்சு, கை வழுக்கிருச்சு” என்று அவர் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார். மீசை தரையைக் கூட்டியது. செல்லக்கனி அவரைப் பார்த்தாள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“சரி, வரேன்” என்றாள் செல்லக்கனி. “ஆனா முன்னாடிதான் நிப்பேன்.”

“நட்ட நடுவுல நில்லு” என்றாள் பூமயில். “ஜன்னலோர சீட்டையும் எடுத்துக்க.”

மறுநாள் காலையில் கூடம் நிறைந்துவிட்டது. செய்தி எப்படிப் பரவியதோ, பதினாறு ஊரும் வந்திருந்தது. வேலையாட்கள் கட்டைச் சுவரில் ஏறி நின்றார்கள். அன்வரை ஜெரினா கூட்டிவந்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். இருளப்பன், “கூட்டத்துல எனக்கு மூச்சு முட்டும்” என்று பஸ்ஸுக்குப் பின்பக்கம் போய்விட்டார்.

எட்டுப் பெண்கள் நின்றார்கள். நடுவில் செல்லக்கனி, ஓட்டுநர் பள்ளிக் காக்கிச் சட்டையோடு. அவளுக்கு இரண்டு பக்கமும் பொட்டு வைத்தவர்களும் வைக்காதவர்களும் கலந்து நின்றார்கள். சூடம் எரிந்தது.

முதலில் பூமயில் தொடங்கினாள். பிறகு மற்றவர்கள். செல்லக்கனி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவை கரகரத்தது. மூன்றாவது தடவை, வருசக்கணக்காக உள்ளேயே கிடந்தது வந்ததே பாருங்கள்! காய்ந்த கண்மாயில் மடையைத் திறந்துவிட்ட மாதிரி வந்தது. மற்ற ஏழு குரலையும் அது அள்ளிக்கொண்டு போனது. அன்வர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

பஸ் பெருமூச்சு விட்டது.

அதுவரை எத்தனையோ கார்கள் அவிழ்ந்ததைப் பார்த்த கூடம், அன்றைக்குப் பார்த்தது வேறு. முதலில் ஜன்னல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் இறங்கின, உறங்கப்போகும் குழந்தையின் இமைபோல. கூரை கழன்றது. கழன்றது கீழே விழவில்லை. ஒரு நொடி அந்தரத்தில் நின்றது என்று பார்த்தவர்கள் அத்தனை பேரும் சத்தியம் செய்தார்கள். பிறகு அது ஏழெட்டுத் தகடாக மடிந்து, படகு கரை சேர்வதுபோலத் தரைக்கு வந்தது. பக்கச் சுவர்கள் தாமரை இதழாக வெளியே சாய்ந்தன. உள்ளே ஐம்பது இருக்கைகளும், பெண்கள் ஷிப்டு முடிந்து எழுந்து நிற்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டன. லட்சம் திருகாணிகள். லட்சமும் உருண்டபோது எழுந்த சத்தம், வறண்ட ஊரில் ஓட்டுக்கூரைமேல் முதல் மழை பெய்கிற சத்தம். சில பேர் நிஜமாகவே அண்ணாந்து பார்த்தார்கள்.

கடைசியில் பஸ்ஸின் உள்ளேயிருந்து வயர்கள் வந்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். அந்தப் பெண்கள் கம்பெனியில் தங்கள் கையாலேயே கட்டிய வயர்கள். அவை முடிச்சு முடிச்சாக அவிழ்ந்து, தரையில் கோலம் போட்டுக்கொண்டு, நிறம் நிறமாகப் பிரிந்தன. “அந்த மஞ்சக் கட்டு நான் கட்டினதுடி!” என்று பிலோமி கூவினாள். அப்புறம் அழுதாள். அப்புறம் எல்லோரும் அழுதார்கள். கண்டிப்பானவன் என்று பெயரெடுத்த காவலாளிகூட, கண்ணில் தூசி என்று சொல்லிவிட்டு அழுதான்.

கூடத்தின் நடுவில் இப்போது பஸ் இல்லை. குவியல்கள் மட்டும், கோயில் களஞ்சியம்போலப் பளபளத்துக்கொண்டு. அவற்றுக்குப் பின்னால், மறைவாக நிற்க இனி ஏதுமில்லாமல், வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு தனியாக நின்றார் இருளப்பன்.

“குரல் பொருந்தியது” என்றாள் மாமியார். “குறை ஏதுமில்லை.”

கூட்டம் செல்லக்கனியைத் தூக்காத குறையாகச் சூழ்ந்துகொண்டது. பூமயில் அவளுக்கு விசிறினாள். ஜெரினா மட்டும் கேட்பு மேடைக்குப் போனாள். மாமியாரின் திரையில் எப்போதும்போல முழுக் கணக்கும் ஓடியது. பொருந்திய குரல் எட்டு. பொருந்தாத குரல் ஒன்று.

ஜெரினா இன்னொரு தடவை பார்த்தாள். குரல் குறைந்தால்தான் பூட்டுத் திறக்காது, கூடினால் பரவாயில்லை. ஆனால் எட்டுப் பேர்தானே நின்றார்கள்? ஒன்பது எங்கிருந்து வந்தது?

“மாமியார்,” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள், “பொருந்தாத குரல் எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?”

“முன்வரிசை. நடுவில்.”

“எட்டாவதா பொருந்தின குரல்?”

“வண்டிக்குப் பின்பக்கம். கட்டைக் குரல். சுதி சேரவில்லை.”

ஜெரினா இருளப்பனைப் பார்த்தாள். அவர் இவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். மீசைக்கு மேலே கண் மட்டும் கெஞ்சியது. பிறகு ஆள்காட்டி விரலைத் தூக்கி உதட்டில் வைத்தார்.

ஆளில்லாத நேரம் பார்த்து அவள் செல்லக்கனியிடம் போனாள். “அக்கா, அன்னைக்கு நீங்க பின்னாடி நின்னு குலவை போடவே இல்லையா?”

“நானா? பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். வாயைத் திறந்தா அழுகை வந்திரும்.” செல்லக்கனி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். “இந்த மீசைதான் பின்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க வந்தாரு. குனிஞ்சவரு என் மூஞ்சியப் பாத்துட்டாரு. முன்னாடி அவளுக குலவை போடுறாளுக. இவரு பழத்தைக் கையில வச்சுக்கிட்டு, எனக்குப் பதிலா, அவருபாட்டுக்குப் போட்டாரு பாரு ஒரு குலவை! காக்கா தொண்டையில முள்ளு மாட்டின மாதிரி. ஆம்பள குலவை போட்டு அன்னைக்குத்தான் கேட்டேன். போட்டுட்டு, யார்கிட்டயும் சொல்லிராத தாயின்னு கையெடுத்துக் கும்பிட்டாரு.”

“அப்ப அவருதான் எட்டாவதுன்னு தெரிஞ்சேதான் வந்தீங்களா?”

“டீ கிளாஸைப் போட்டு உடைக்கிறப்பவே புரிஞ்சுபோச்சு. ஒத்தைக் குலவையில முடிக்க வேண்டிய வேலைக்கு, மனுசன் எனக்காக ஊரையே கூட்டியிருக்காரு.” செல்லக்கனி சிரித்தாள். “இம்புட்டு வருசம் கழிச்சு முன்னாடி நிக்கக் கூப்பிடுறாக. நான் எதுக்குப்பா வேண்டாங்கணும்?”

ஜெரினா கேட்பு மேடைக்குத் திரும்பிப்போய், திரையில் ஓடிய கணக்கை விரலால் தள்ளி அழித்துவிட்டாள். மாமியார் ஏதோ முணுமுணுக்க வந்தாள். பிறகு, நல்ல மாமியார்போல, சும்மா இருந்துவிட்டாள்.

ஆடி கழிந்தது. ஆவணியில் ஒரு நல்ல நாளில், கூடத்தின் பின்வாசல் வழியாக டயாலிசிஸ் வண்டி வந்தது. வெள்ளை வெளேரென்று, இன்னும் சூடு ஆறாமல், புதிதாகப் பிறந்த கன்றுபோல லேசாக நடுங்கிக்கொண்டு. உள்ளே நான்கு படுக்கைகள். பஸ்ஸின் ஜன்னலோரக் கம்பிதான் இப்போது படுக்கையின் பக்கத்துக் கம்பி. அன்வர் கைலியோடு வந்து அதைத் தொட்டுப் பார்த்தான். “சூடா இருக்கு ஜெரினா. ஆளைத் தொட்ட மாதிரி இருக்கு” என்றான்.

“மச்சான், பேசாதீங்க! அது காதைத் திறந்து வச்சிருக்கு!”

நல்ல வேளை, மாமியார் இன்னும் அதன் காதைத் திறந்துவிட்டிருக்கவில்லை. “குரல் தருவோர் முன்னே வரவும்” என்றாள்.

எதைச் சொல்வது என்று இந்தத் தடவை யாரும் முழிக்கவில்லை. பூமயில், பிலோமி, குருவம்மா என்று எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நடுவில் செல்லக்கனி. சூடம் தயார். பின்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறேன் என்று சொல்லி இருளப்பன் மெல்ல நழுவினார்.

“எங்க போறீக?” செல்லக்கனி எட்டி அவர் துண்டைப் பிடித்தாள். “எலுமிச்சம்பழத்தை வேற யாராவது வப்பாக. நீங்க இங்க வாங்க. முன்னாடி.”

“ஏய், விடு தாயி! ஆம்பள நான்… மீசை…”

“மீசை இருந்தா நாக்கு சுத்தாதோ? வாங்க.”

பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். எதற்காக இழுக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த இரண்டு பேர் சொல்லவில்லை. இருளப்பன் துண்டோடு வந்து செல்லக்கனிக்குப் பக்கத்தில் நின்றார். சூடம் எரிந்தது. குலவை எழுந்தது. அதற்கு நடுவில், தொண்டையில் முள் மாட்டிய காக்காயாக, சுதி சேராமல், பயமே இல்லாமல் ஒரு குரல்.

இரும்பு கேட்டுக்கொண்டது.

“எல்லாரும் ஞாபகம் வச்சுக்குங்க,” என்று ஜெரினா கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள், “இந்த வண்டியை அவுக்குற அன்னைக்கு, இந்த மீசையையும் மறக்காம முன்னாடி கூப்பிடணும்.”